அடைக்கலம் வந்தவனிடம் கேட்கும் முதற்கேள்வி

மூணாறு சென்று வந்த அன்பர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருப்பர். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் அச்சிற்றூரைச் சுற்றிக் குன்றுகள் நிற்கின்றன. ஒரு குன்றில் சுப்பிரமணிய சுவாமி கோயில், இன்னொன்றில் கர்மேல் மாதா தேவாலயம், மற்றொன்றில் பள்ளிவாசல். பழைய மூணாறில் கருங்கல்லால் ஆன கிறிஸ்து ஆலயம் ஒன்றும் உண்டு. அதன் வரலாறு சற்று வித்தியாசமானது. தேயிலைக் கம்பெனியின் பொது மேலாளராக இருந்த ஹென்றி நைட்டின் இளம் மனைவி 1894-ஆம் ஆண்டு டிசம்பரில் காலராவுக்குப் பலியானார். அவரை அக்குன்றில் அடக்கம் செய்தனர். ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டதோ 1910-இல். முதலில் கல்லறை, பிறகே ஆலயம். வந்த இடத்தில் மாண்டுபோன ஓர் அயலாளுக்கு இடம் கொடுத்ததில் தொடங்கிய திருத்தலம் அது.

உண்மையில் அம்மலையில் அயலார் அல்லாதவர் யார் என்று கேட்டால் விடை கூறுவது கடினம். தேயிலை பறிப்போரின் முன்னோர், கங்காணிகளின் பின்னே திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் மலையேறியவர்கள். அவர்களுக்கும் முன்பே அங்கு வாழும் முதுவர் பழங்குடியினர், தாங்கள் மதுரையிலிருந்து அழிவுக்கு அஞ்சி வந்தவர்கள் என்றும், தெய்வத் திருவுருவையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் எனப் பெயர் பெற்றதாகவும் கூறுகின்றனர். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ இம்மலைகளைக் குத்தகைக்குப் பெற்றது பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து. அக்குடும்பத்தின் மரபும் தங்களை மதுரையை விட்டு மீனாட்சியம்மையுடன் வெளியேறிய பாண்டியரின் வழியினர் என்றே சொல்கிறது. ஆக, குடியேறியவனும் அகதி, குத்தகை கொடுத்தவனும் அகதி, அவ்விருவருக்கும் முந்தியவனும் அகதி.

இப்படிப்பட்ட மண்ணிலும் மனிதன் மனிதனைப் பார்த்து, "நீ யார், எந்த ஊர், எந்த மொழி?" என்று கேட்ட நாட்கள் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணை பற்றிய சர்ச்சை முற்றியபோது, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் கூலிவேலை செய்துவந்த தமிழ்க் குடும்பங்கள் பல, தாக்குதலுக்கும் மிரட்டலுக்கும் அஞ்சி, மூட்டை முடிச்சுகளுடனும் கைக்குழந்தைகளுடனும் காட்டுப் பாதைகள் வழியே தேனி மாவட்டத்தில் வந்து இறங்கின. எல்லைக்கு இப்பால் கேரளத்தவரின் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. அணையின் நீர்மட்டத்தைப் பற்றி அந்தக் கூலிப் பெண்ணும் எதுவும் முடிவு செய்யவில்லை; தேநீர்க் கடை வைத்திருந்த அந்த மலையாளியும் முடிவு செய்யவில்லை.

அது டிசம்பர் மாதம். கிறிஸ்து ஆலயத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஆராதனை நடப்பது வழக்கம். ஒரே பலகையில் ஒரு வேளை தமிழர் அமர்வர், மறுவேளை மலையாளிகள் அமர்வர். அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகளில் அப்பலகைகளில் அமர்ந்தோர் உள்ளத்தில் என்ன ஓடியிருக்கும்? சத்திரத்தில் இடமின்றித் தொழுவத்தில் பிறந்து, சில நாட்களிலேயே ஏரோது மன்னனின் வாளுக்குத் தப்பி எகிப்துக்குத் தூக்கிச் செல்லப்பட்ட ஒரு குழந்தையின் பிறந்தநாளை அல்லவா அவர்கள் கொண்டாட இருந்தனர்!

சுக்ரீவனின் ஐயம்

நம் மரபில் அடைக்கலம் பற்றிய விசாரணை இலங்கைக்கு எதிர்க்கரையில், கடலோரத்தில் நடக்கிறது. விபீஷணன் வானில் வந்து நிற்கிறான். சுக்ரீவன், "இவன் பகைவனின் தம்பி, ஒற்றனாக இருப்பான், கொல்லலாம்" என்கிறான். அங்கதன் சோதித்துப் பார்க்கலாம் என்கிறான். அனுமன் ஏற்கலாம் என்கிறான். ஸ்ரீராமனோ, தன் துணையைப் பிடித்த வேடனுக்கே விருந்தளிக்கத் தன்னுடலைத் தீயிலிட்ட புறாவை நினைவூட்டுகிறான். வந்திருப்பவன் ராவணனே ஆயினும் அபயம் உண்டு என்கிறான்.

இக்கதையைக் கேட்கும் நாம் எளிதாக ராமனின் பக்கம் சேர்ந்துகொள்கிறோம். ஆனால் சுக்ரீவன் மூடனல்லன். அவன் கேட்டது ஒரு பொறுப்புள்ள படைத்தலைவன் கேட்க வேண்டிய கேள்விதான். வன்முறையால் துரத்தப்பட்டவர் வந்து நிற்கும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு சுக்ரீவன் நிற்கிறான். பல நேரங்களில் அவன் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. இவர்களை ஏற்றால் நம் பிள்ளைகளின் வேலை என்னாகும், துரத்தியவர்கள் நம்மைத் தேடி வந்தால் என்ன செய்வது, இவர்களுள் குற்றவாளி ஒருவன் இருந்தால் யார் பொறுப்பு? இக்கேள்விகளை ராமன் மறுக்கவில்லை. அவற்றைக் கேட்க வேண்டிய வேளை எது என்பதைத்தான் மாற்றினான். முதலில் அபயம், பிறகு விசாரணை. "நீ யார்?" என்பது இரண்டாவது கேள்வி. "உனக்கு என்ன நேர்ந்தது?" என்பதே முதற்கேள்வி.

1893 செப்டம்பர் 11-ஆம் நாள் சிகாகோவில் சுவாமி விவேகானந்தர் பேசியபோது, எல்லா நாடுகளிலிருந்தும் துன்புறுத்தப்பட்டு வந்தோருக்குப் புகலிடம் அளித்த நாட்டைச் சேர்ந்தவன் என்பதில் தாம் கொள்ளும் பெருமிதத்தைத் தெரிவித்தார். தென்னாட்டில் தஞ்சம் புகுந்த யூதர்களையும் பாரசீகர்களையும் குறிப்பிட்டார். கேரளத்தவர் இப்பெருமையில் பெரும்பங்கு கோரலாம். கொடுங்கல்லூரிலிருந்து விரட்டப்பட்ட யூதருக்கு மட்டாஞ்சேரியில் தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார் கொச்சி அரசர். 1568-இல் எழுந்த அவர்களது ஜெபக்கூடம் இன்றும் அங்கே இருக்கிறது. கோவாவில் போர்த்துக்கீசியரின் மதக் கெடுபிடிக்கும் 1560-இல் அங்கு நிறுவப்பட்ட இன்குவிசிஷன் விசாரணை மன்றத்துக்கும் அஞ்சி, தெய்வ விக்கிரகங்களுடன் தெற்கே ஓடிவந்த கொங்கணிக் குடும்பங்களுக்கும் கொச்சி இடம் கொடுத்தது. இதைக் கூறாமல் தேவாலயங்களின் தொண்டைப் பற்றி மட்டும் எழுதினால் அது முழு உண்மையாகாது. ஒரு காலத்தில் சிலுவையின் பெயராலேயே மக்கள் துரத்தப்பட்டனர். இன்னொரு காலத்தில் அதே சிலுவையின் நிழலில் மக்கள் உயிர் தப்பினர்.

அமராவதியில் ஒரு பாதிரியார்

மூணாறுக்குத் தெற்கே, அதே இடுக்கி மாவட்டத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி தமிழ் அன்பர்கள் பலருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் நம் கேள்விக்கு அதைவிடத் தெளிவான உரைகல் வேறொன்றை நான் அறியேன்.

இரண்டாம் உலகப் போரின் உணவுப் பஞ்சக் காலத்தில், அதிக உணவு விளைவிக்குமாறு அரசே ஊக்குவித்ததால், மத்தியத் திருவிதாங்கூரின் ஏழை விவசாயிகள் மலைக்காடுகளில் ஏறிப் பயிர் செய்தனர். ஐயப்பன்கோவில் பகுதி அவற்றுள் ஒன்று. பின்னர் இடுக்கி அணைத்திட்டம் வந்தது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று சொல்லி, 1961 மே மாதம் சுமார் 1,700 குடும்பங்களைப் போலீஸ் பலத்துடன் வெளியேற்றினர். குடிசைகள் அழிக்கப்பட்டன. லாரிகளில் ஏற்றப்பட்ட மக்கள் குமுளிக்கு அருகே அமராவதி என்னும் இடத்தில் இறக்கிவிடப்பட்டனர். தேவர் உலகத்தின் பெயர் கொண்ட அவ்விடத்தில் தலைக்கு மேல் கூரை இல்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. அம்மலைகளில் அம்மழை எப்படிப் பெய்யும் என்பதை அறிந்தவர்கள், குழந்தைகளும் முதியோரும் பட்ட பாட்டை ஊகித்துக்கொள்ளலாம். கத்தியாலும் தீயாலும் மட்டும் மனிதர் துரத்தப்படுவதில்லை; முத்திரையிட்ட ஆணையாலும் துரத்தப்படுகிறார்கள். மழையில் நனைபவனுக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றுவதில்லை.

ஜூன் 6-ஆம் நாள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் அம்மக்களுக்காக அமராவதியில் காலவரையற்ற உண்ணாவிரதம் தொடங்கினார். அம்மக்களின் பக்கம் வந்து நின்ற மற்றொருவர் திருச்சூரைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவான ஜோசப் வடக்கன்.

வடக்கன் யார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1959-இல், இ. எம். எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்து எழுந்த 'விமோசன சமர'த்தில் முன்னணியில் நின்றவர். கம்யூனிஸ்டுகளை எதிர்ப்பதையே வாழ்வின் பணியாகக் கொண்டு இளைஞர்களைத் திரட்டியவர். கோபாலனும் அவரும் ஒருவரையொருவர் எதிரிகளாகவே அறிந்தவர்கள். அத்தகையவர் மழைச்சேற்றில் கிடக்கும் மக்களைக் கண்டபின், நேற்றைய எதிரியுடன் ஒரே மேடையில் நின்றார்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் எடை விளங்கும். அப்போது மாநிலத்தை ஆண்டது பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான கூட்டணி அரசு. உள்துறையைக் கவனித்தவர் பி. டி. சாக்கோ. அவரும் கத்தோலிக்கக் கிறிஸ்தவரே. வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோரும் கிறிஸ்தவர்களே. ஆக, 'திருச்சபை' என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது அமராவதியில் மூன்றாகப் பிரிந்து நின்றது: ஆணையிட்ட அரசில் ஒரு கிறிஸ்தவர், சேற்றில் கிடந்தவர்களில் பல கிறிஸ்தவர்கள், அவர்களைத் தேடி வந்தவர் ஒரு கிறிஸ்தவக் குரு. அம்மூவரும் படித்தது ஒரே வேதாகமம்.

வடக்கன் எளிதில் விலகிக்கொண்டிருக்கலாம். "கம்யூனிஸ்டுகள் இதை அரசியலாக்குகிறார்கள்" என்று கூறியிருக்கலாம். அதில் ஓரளவு உண்மையும் இருந்திருக்கும். அறிக்கை ஒன்று வெளியிட்டுவிட்டுத் தனியாக அரிசி விநியோகம் செய்திருக்கலாம். நம்மில் பலரும் அதைத்தான் செய்திருப்போம். அவர் செய்யவில்லை. போராட்டத்தின் பயனாக அரசு இறங்கிவந்து சில சலுகைகளை அறிவித்தது. வடக்கன் பிற்காலத்தில் கர்ஷகத் தொழிலாளி கட்சி என்ற கட்சியைத் தொடங்கியதும், 1967-இல் அக்கட்சி கம்யூனிஸ்டுகளின் ஐக்கிய முன்னணி அரசிலேயே அங்கம் வகித்ததும், அவருக்கும் அவருடைய மேலதிகாரிகளுக்கும் ஏற்பட்ட பிணக்குகளும் வேறு கதை. அவரது அரசியல் முழுவதையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஒரு துறவியோ குருவோ கட்சி தொடங்குவது தகுமா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. ஆனால் அமராவதியில் அவர் காட்டிய துணிவு அந்த ஐயத்தால் குறைவதில்லை. தன் எதிரி செய்கிறான் என்பதற்காக ஒரு நற்செயலிலிருந்து விலகி நிற்க மறுப்பது எளிய தவமன்று.

நாம் தயங்கும் இடம்

இவ்விடத்தில் அன்பர்கள் பலர் மனத்தில் எழும் ஒரு வினாவை மறைத்துவைக்க விரும்பவில்லை. தேவாலயங்கள் துயருற்றோருக்கு உணவும் மருந்தும் அளிக்கும்போது, அதற்குப் பின்னால் மதமாற்றம் என்ற நோக்கம் இல்லையா? அப்படியிருந்தால் அது எப்படிச் சேவையாகும்?

கேள்வி நியாயமானது. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம், கைம்மாறு கருதாது, கொடுப்பது கடமை என்றே கொடுக்கப்படுவதைத்தான் சாத்விக தானம் என்கிறது. பலனை நோக்கிக் கொடுப்பது ராஜசம். பசித்தவனின் தட்டில் சோற்றுடன் ஒரு நிபந்தனையையும் சேர்த்துப் பரிமாறுபவர், எந்தச் சமயத்தவராயினும், அவனது பசியைத் தன் கருவியாக ஆக்கிக்கொள்கிறார். அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் இந்த அளவுகோலை முதலில் யார்மீது வைப்பது? கைம்மாறு என்பது மதமாற்றம் மட்டும்தானா? நன்றியுணர்வை எதிர்பார்ப்பது, பத்திரிகையில் படம் வருவதை எதிர்பார்ப்பது, "பாருங்கள், நாமும் அவர்களைப் போல் செய்கிறோம்" என்று காட்டுவதற்காகச் செய்வது, இவையெல்லாம் என்ன? அதே சுலோகத்தில் வரும் 'பாத்திரம்' என்ற சொல்லைச் சிலர் வசதியாகப் பிடித்துக்கொள்வதையும் கண்டிருக்கிறேன். தகுதியானவனுக்கே கொடுக்கச் சொல்லியிருக்கிறது, இவர்கள் தகுதியானவர்களா என்பர். வீடு எரிந்து இரவோடிரவாக ஓடிவந்தவனுக்கு அவனது வெறுங்கையைவிட வேறென்ன தகுதிச் சான்று வேண்டும்?

இதற்கு நம்மிடையே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1897-இல் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது சுவாமி அகண்டானந்தர் அங்கேயே தங்கி நிவாரணப் பணியைத் தொடங்கினார். ராமகிருஷ்ண மிஷனின் துயர்துடைப்புப் பணிகளின் தொடக்கம் அதுவே. பின்னர் அநாதைக் குழந்தைகளுக்காக இல்லம் அமைத்தபோது, முஸ்லிம் சிறுவர்களையும் சேர்த்துக்கொள்ளுமாறும், ஆனால் அவர்களது சமயத்தில் கைவைக்கக் கூடாதென்றும் சுவாமி விவேகானந்தர் அவருக்குக் கடிதம் எழுதினார். 1867-இல் வடலூரில் தருமச்சாலை அமைத்த வள்ளலாரும் உண்ண வந்தவரிடம் பசியைத் தவிர வேறெதையும் விசாரிக்கச் சொல்லவில்லை. பிறருடைய சேவையில் குறை காண்பதற்கு உரிமை வேண்டுமானால், அந்தக் கடிதத்தின் இரண்டு பாதிகளையும் நாம் கடைப்பிடித்திருக்க வேண்டும்: சேர்த்துக்கொள்வதையும், கைவைக்காதிருப்பதையும். ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பவர் உலகில் நிறைய இருக்கின்றனர்.

மடுவும் நல்லூரும்

அடைக்கலத் தலம் என்றால் என்ன என்பதை நம் காலத்தில் கண்ணீரால் கற்றவர்கள் ஈழத் தமிழர்கள். மன்னார் மாவட்டத்துக் காட்டில் உள்ள மடு மாதா திருத்தலம் தோன்றியதே அகதிகளால்தான். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கியபோது, மாந்தையில் இருந்தவர்கள் மாதாவின் திருவுருவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினர். அவர்கள் தங்கிய இடமே மருதமடு. முதுவரின் முதுகில் வந்த தெய்வத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1990 முதல், போரால் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானோர் அதே காட்டுத் தலத்தில் ஓலைக் கொட்டகைகளில் வாழ்ந்தனர். கத்தோலிக்கர் மட்டுமல்லர், சைவரும் அங்கே தஞ்சம் புகுந்தனர். அமைதிக் காலத்தில் சிங்களரும் தமிழரும் ஒன்றாக வந்து வணங்கிய தலம் அது. 1999 நவம்பர் 20 அன்று எறிகணைகள் அங்கேயே வந்து விழுந்தன. ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1995 ஜூலை 9 அன்று, யாழ்ப்பாணத்து நவாலியில் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1987 அக்டோபரில், இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் போரிட்ட நாட்களில், பல்லாயிரம் பேர் நல்லூர்க் கந்தன் கோயிலில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தனர். அன்று அக்கோயிலில் யார் சைவர், யார் கிறிஸ்தவர் என்று எவரும் வகைபிரிக்கவில்லை. கழிவறையும் குடிநீரும் போதாமல் தவித்தபோது ஆகம விதிகளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பவர் கேட்கட்டும். முருகன் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கோயில் சுவர் குண்டைத் தடுக்காது என்பது அம்மக்களுக்கும் தெரிந்தே இருந்தது. ஆயினும் அங்கேயே சென்றனர். துரத்தப்பட்டவன் தேடுவது கூரை மட்டுமன்று. தன்னை ஒரு மனிதனாக எண்ணும் ஒருவர் காவலிருக்கும் இடத்தைத் தேடுகிறான். அந்த நம்பிக்கையைப் பொய்ப்பிப்பதைவிடப் பெரிய பாவம் இருக்குமா என்று தெரியவில்லை. 1994-இல் ருவாண்டாவில் தேவாலயங்களுக்குள் ஓடி ஒளிந்த ஆயிரக்கணக்கானோர் அவற்றுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டனர். நியாங்கே என்ற ஊரில் அவ்வாறு தஞ்சமடைந்தோர் மீது ஆலயத்தையே இடித்துத் தள்ளியதற்காக அவ்வாலயத்தின் குருவே பின்னர் சர்வதேச நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். ஆலயம் என்பதாலேயே ஓரிடம் அபயத்தலம் ஆகிவிடுவதில்லை.

நம் நாட்டிலும் எழுதத் தயங்கும் பக்கங்கள் உண்டு. 2008 ஆகஸ்ட் 23 அன்று, ஜன்மாஷ்டமி நாளில், ஒரிஸ்ஸாவின் கந்தமாலில் சுவாமி லட்சுமணானந்த சரஸ்வதி தம் ஆசிரமத்திலேயே நால்வருடன் சுட்டுக் கொல்லப்பட்டார். கொடிய செயல். அதற்குப் பழி என்ற பெயரில் தொடர்ந்த வன்முறையில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் வீடிழந்து காடுகளுக்கும் முகாம்களுக்கும் ஓடியதாக மதிப்பிடப்படுகிறது. அப்போது தேவாலயங்கள் அவர்களுக்கு அடைக்கலம் கொடுக்க இயலவில்லை, அவையே எரிந்துகொண்டிருந்தன. அந்நாட்களில் தம் அண்டை வீட்டுக் கிறிஸ்தவரைத் தம் இல்லத்தில் ஒளித்துவைத்துக் காத்த இந்துக் குடும்பங்கள் இருந்தன. கொன்றவரும் எரித்தவரும் சமயத்தின் பெயரைச் சொன்னார்கள். ஒளித்துவைத்தவர்கள் எதையும் சொல்லவில்லை; கதவைத் தாழிட்டுவிட்டு விளக்கை அணைத்தார்கள்.

மிசோரம் மற்றொரு பாடம். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் எல்லை கடந்து வந்த சின் மக்களையும், 2023 மே 3-இல் மணிப்பூரில் தொடங்கிய வன்முறைக்குத் தப்பி வந்த குக்கி-சோ மக்களையும் அம்மாநிலத்தின் தேவாலயங்களும் இளைஞர் சங்கங்களும் ஏற்றுக்கொண்டன. எல்லையில் தடுக்குமாறு மத்திய அரசிடமிருந்து கடிதம் வந்தபோதும் பின்வாங்கவில்லை. வந்தவர்கள் தம் இரத்த உறவினர் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தன் உடன்பிறந்தானுக்கே கதவைத் திறக்காதவர் நிறைந்த உலகம் இது. ஆயினும் அதே 2023 ஜூலையில், மிசோரத்தில் அமைதியாக வாழ்ந்துவந்த மெய்தெய் குடும்பங்கள் சில நூறு பேர், முன்னாள் போராளிகள் சிலர் விடுத்த அறிக்கையால் அஞ்சி, அம்மாநிலத்தை விட்டுக் கிளம்பினர். பாதுகாப்புத் தருவதாக மாநில அரசு உறுதி கூறியும் அச்சம் நீங்கவில்லை. அடைக்கலம் கொடுப்பதில் அத்தனை பெருந்தன்மை காட்டிய மண்ணிலும் அந்நியனுக்கென்று ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

மூணாறின் குன்றுகளுக்கே திரும்புவோம். 2011 டிசம்பரில் காட்டுவழி இறங்கிய குடும்பங்களில் பல, தணிந்தபின் மறுபடியும் மலையேறின. ஏலத்துக்கு அவர்கள் கைகள் தேவைப்பட்டன. அவர்களுக்குக் கூலி தேவைப்பட்டது. அப்படிப் போனவர்களை எதிர்கொண்டவர்கள் அதே அண்டை வீட்டார், அதே மளிகைக் கடைக்காரர், அதே கோயில், அதே தேவாலயம். இத்தகைய திரும்புதலுக்கு எந்தச் சமயத்திலும் தனிச் சடங்கு ஒன்று வகுக்கப்படவில்லை. "வாருங்கள், எப்போது வந்தீர்கள்?" என்று முதலில் கேட்பவர் யார் என்பதே அங்கே கேள்வி.

2008 ஏப்ரலில் போர் மடுவை நெருங்கியபோது, குருக்கள் மாதாவின் திருவுருவைப் பீடத்திலிருந்து எடுத்து, வண்டியில் வைத்து, வடக்கே தேவன்பிட்டிக்குக் கொண்டு சென்றனர். ஆகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது. அந்த நான்கு மாதங்களும் பீடம் வெறுமையாக இருந்தது. வீட்டை விட்டு ஓடியவர்களோடு மாதாவும் ஓடியிருந்தாள்.